அட்டையில் நின்ற நடவுக்காரி

என் பெரியப்பா சிங்கப்பூரில் ஓர் எழுத்தாளர். ஊரில் அவர் எழுத்தாளர் இல்லை. அங்கே கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த அவரை, கூடத் தங்கியிருந்த நம் பக்கத்து ஆட்கள் ‘ரைட்டர் சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள் என்றும், சாப்பாட்டு வரிசையில் முன்னால் போகச் சொல்வார்கள் என்றும் லீவில் வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிடும் மாத நாவல்களில் அவர் பெயரில் விண்வெளிக் கதைகள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றையும் அவர் முதல் பக்கத்துக்கு மேல் படித்ததில்லை. எழுதியது பெரியம்மா.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. இரண்டு பேரும் ஒரே தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக வருகிற கடைமடை. சில வருஷங்கள் வராமலும் இருந்துவிடும். பெரியப்பா வெளிநாட்டில் இருந்ததால் நிலம் முழுக்கப் பெரியம்மா பொறுப்பில் இருந்தது. தண்ணீர் முறைக்காக வாய்க்கால் கரையில் நின்று ஆம்பிளைகளோடு சண்டை போடுவாள். மத்தியானம் சாப்பிட்டானதும் உள் அறையில் குப்புறப் படுத்துக்கொண்டு, நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணையைக் கொடுத்து, செவ்வாய்க்கும் சனிக்கும் ஆட்களை அனுப்பிக்கொண்டிருப்பாள்.

முதல் கதையைத் தன் பெயரில்தான் அனுப்பியிருக்கிறாள். திரும்பி வந்துவிட்டது. அதே கதையை, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், பெரியப்பா பெயரில் அனுப்பினாள். அடுத்த மாதமே அச்சில் வந்தது. “என் கதைக்கு மீசை முளைச்சிடுச்சு” என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாளாம். அதற்குப் பிறகு அந்த மீசை அப்படியே நின்றுவிட்டது.

அவளுடைய கிரகங்கள் எல்லாவற்றிலும் ஒரு கடைமடை இருக்கும். ராக்கெட்டில் போகிறவர்கள் இறங்கியதும் முதல் வேலையாக, மேலே யார் தண்ணீரை அடைக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். எழுதுவதற்கு முன் எனக்குத்தான் சொல்லிப் பார்ப்பாள். நான் கொட்டாவி விட்ட இடத்தையெல்லாம் வெட்டிவிடுவாள். அதனால் என்னையும் ஓர் எழுத்தாளர் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அட்டைப்படங்களோடுதான் எங்களுக்குத் தகராறு. கதை எதுவானாலும் அட்டையில் ஒரே பெண்தான் வருவாள். உடம்பை ஒட்டிய வெள்ளிநிற உடை, காற்றில் பறக்கிற முடி, கையில் ஒரு துப்பாக்கி. ஒரு கதையில் பெண்ணே கிடையாது, சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட நாலு கிழவர்கள்தான். அதற்கும் அவள் வந்து நின்றாள். பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனாள்.

பொறுக்க முடியாமல் போனது ‘இரண்டு சூரியன் நடவு’ கதைக்கு. அதை அவள் ஒரு வருஷம் போல எழுதினாள். பூமியிலிருந்து ஆட்களைக் கூட்டிப்போய் வேறொரு கிரகத்தில் நெல் போடுகிறார்கள். அங்கே வானத்தில் இரண்டு சூரியன். நிலமும் மதகும் ஒரு கம்பெனி கையில் இருக்கிறது. சேற்றுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, நடவு முடிந்ததும் மதகை அடைத்து, விளைந்தால் கம்பெனிக்கு, காய்ந்தால் ஆட்களுக்கு என்று நடத்துகிறார்கள். நடவு ஆட்களுக்குத் தலைவியான வயதான பெண் ஒருத்தி ஒரு நாள் நாற்றைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து நிற்கிறாள். மதகு திறந்தே இருக்கும் என்று எழுதிக் கொடுத்தால்தான் குனிவேன் என்கிறாள். எல்லாப் பெண்களும் நிமிர்ந்துவிடுகிறார்கள். நாற்று முற்றிக்கொண்டே போகிறது. கதை அவ்வளவுதான். கொட்டாவியே வராத கதை.

அந்த மாத நாவலின் கடைசிப் பக்கத்தில் ‘அடுத்த மாதம்’ என்று விளம்பரம் வந்தது. வயலுக்கு நடுவில், வெள்ளி உடையில், துப்பாக்கியோடு அதே பெண் நின்றுகொண்டிருந்தாள்.

பெரியம்மா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“நாளைக்குத் தஞ்சாவூர் போறேன். அந்தப் படம் போடுற ஆளு கீழவாசல் பக்கம்தான் இருக்காராம். எடிட்டரும் சொந்த ஊருக்கு வந்திருக்காராம். வேற ஏதோ படம் வாங்கிட்டுப் போக அங்கதான் வருவாராம். போன் பண்ணிக் கேட்டுட்டேன்.”

“நடவு நேரத்துல படம் பாக்கப் போறியா?” என்றார் அப்பா.

“நாத்துக்கு இன்னும் நாள் இருக்கு. அட்டைக்கு இல்ல.”

தனியாக எப்படிப் போவாய் என்று அம்மா ஆரம்பித்தாள். முன்பின் தெரியாத ஆம்பிளை, அதிலும் இந்த மாதிரிப் படம் போடுகிறவர். கடைசியில் நான் துணைக்குப் போவதென்று முடிவாயிற்று. நாற்பது வயதுப் பெண்மணிக்கு ஐந்தாம் வகுப்புப் பெண் துணை என்றால் எங்கள் தெரு ஒப்புக்கொள்ளும். காலாண்டு விடுமுறை என்பதால் எனக்கும் ஆட்சேபணை இல்லை.

மறுநாள் காலையில் கிளம்பினோம். பெரியம்மா கல்யாணங்களுக்குக் கட்டுகிற மாம்பழக் கலர் சேலையைக் கட்டியிருந்தாள். கும்பகோணத்தில் பஸ் மாறும்போது, “சண்டை போடப் போறோமா பெரியம்மா?” என்று கேட்டேன். “இல்ல. கேக்கப் போறோம். குடுக்கலைன்னாதான் சண்டை” என்றாள்.

ஓவியரின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலில் கல்யாண மேடைக்கான இரண்டு மயில்கள் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே பிளாஸ்டிக் பூச்சாடிகளுக்கும் ஒரு பல் டாக்டரின் பெயர்ப்பலகைக்கும் நடுவே, ஒல்லியாக, கண்ணாடி போட்ட மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். விரல்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். நான் வேறு மாதிரி ஆளை எதிர்பார்த்திருந்தேன். வெள்ளி உடைப் பெண்ணை வரைகிறவர் குறைந்தது கூலிங் கிளாஸாவது போட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன்.

பெரியம்மா விளம்பரப் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“இது நீங்க போட்டதுதானே?”

“ஆமாம்மா. நல்லா வந்திருக்குல்ல?”

“இந்தக் கதையில இப்பிடி ஒரு பொண்ணே கிடையாதுங்க.”

அவருக்கு வருத்தமெல்லாம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. “கதையா? எனக்கு யாரும்மா கதை குடுத்தாங்க? இத்தன வருஷத்துல ஒரு கதை படிச்சதில்ல. ‘ராக்கெட்டு, பொண்ணு, செவப்பு’ன்னு போன்ல சொல்வாரு. போட்டுக் குடுத்துருவேன். மொகம் ஒரு சோப்புக் காலண்டர்ல பாத்தது.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீங்க சாரோட வீட்டுக்காரங்களா?” என்று கேட்டார். சார் என்றது சிங்கப்பூரில் இருந்த பெரியப்பாவை.

“ஆமாங்க” என்றாள் பெரியம்மா. அதில் பொய் ஒன்றும் இல்லை.

“அப்ப என்ன கதைன்னு நீங்களே சொல்லுங்க.”

பெரியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். எனக்குச் சொன்னபோது இருந்ததைவிட நன்றாக இருந்தது. பல் டாக்டரின் பலகைமேல் வைத்த பிரஷ்ஷை அவர் மறுபடி தொடவே இல்லை. பாதியில் கையை நீட்டித் தடுத்தார்.

“இருங்கம்மா. ரெண்டு சூரியன்னா நெழலும் ரெண்டு விழணுமே?”

பெரியம்மா அசந்துபோனாள். எத்தனையோ கதை எழுதியிருக்கிறாள், ஒருவரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவளுக்கும் அது தோன்றியதில்லை.

“விழும்” என்றாள் மெதுவாக. “ஒண்ணு செவப்பு சூரியன், ஒண்ணு வெள்ளை.”

“அப்ப ஒரு நெழல் கொஞ்சம் செவப்பா இருக்கும். இன்னொண்ணு வேற மாதிரி இருக்கும்.” அவர் எழுந்து ஒரு புது அட்டையைத் தேட ஆரம்பித்தார். “எனக்கு நடவெல்லாம் தெரியாதும்மா. டவுன்லயே பொறந்தவன். எப்பிடி நிப்பாங்க?”

அப்போது பெரியம்மா செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சந்தில் கீரை விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒரு கட்டுத் தண்டுக்கீரை வாங்கிக்கொண்டு வந்தாள். மாம்பழக் கலர் சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்து வரிந்து செருகினாள். முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டாள். கீரைக்கட்டை இடது கையில் பிடித்தபடி, அந்தக் கடைக்கு நடுவில், சிமெண்டுத் தரையில், இடுப்பு வரை குனிந்தாள். வலது கையால் தரையில் நட்டு நட்டுப் பின்னால் நகர்ந்தாள். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் மயில்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஓவியர் பென்சிலால் கோடு இழுக்க ஆரம்பித்தார்.

“இது இல்லங்க” என்றாள் பெரியம்மா, குனிந்தபடியே. “இது தெனமும் பண்றது. கதையில இவ நிமிருறா. பாருங்க.”

அவள் மெதுவாக நிமிர்ந்தாள். நாளெல்லாம் குனிந்திருந்தவர்கள் நிமிருகிற மாதிரி, ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, முகத்தைச் சுளித்து, அப்புறம் சுளிப்பு போனபின் தலையைத் தூக்கி நேராகப் பார்த்தாள். டீ கிளாஸோடு நின்றவர்களைப் பார்த்தாள். அவர்களில் ஒருவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அப்பிடியே நில்லுங்கம்மா” என்றார் ஓவியர். “ஆடாதீங்க.”

எடிட்டர் வந்தபோது பெரியம்மா அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு பை, களைத்த முகம். மோசமான மனிதர் இல்லை. அவரே எழுத ஆசைப்பட்டு, அது நடக்காமல், மாதாமாதம் மற்றவர்களை எழுதவைத்துக்கொண்டிருந்தவர் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பெரியம்மா யாரென்று ஓவியர் சொன்னதும் கைகூப்பினார்.

“சார் எப்ப வர்றாரு சிங்கப்பூர்லேந்து? சாரோட கற்பனைக்கு நான் அடிமைம்மா.”

பெரியம்மா செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு, அட்டையை மாற்ற வேண்டும் என்றாள்.

“சார் சொல்லி அனுப்பினாரா?”

“நான் சொல்றேன்.”

அவர் சிரித்தார். பொறுமையாக விளக்கினார். “ஒங்களுக்கு இது புரியாதும்மா. இது விஞ்ஞானக் கதை. பஸ் ஸ்டாண்டு கடையில அம்பது பொஸ்தகத்துக்கு நடுவுல தொங்கணும். நடவு நடுற கெழவியப் போட்டா விவசாயத் துறை வெளியீடுன்னு நெனப்பாங்க. சாரே வந்து கேட்டாக்கூட நான் இதத்தான் சொல்வேன்.”

“சார் வரமாட்டாரு. சாருக்கு இது என்ன கதைன்னே தெரியாது.” பெரியம்மா கீரைக்கட்டை மேஜைமேல் வைத்தாள். “எழுதினது நான். இது மட்டும் இல்ல. மொதக் கதையிலேந்து எல்லாம்.”

ஓவியர் வரைந்துகொண்டே, “எனக்கு அப்பவே தோணுச்சு” என்றார்.

எடிட்டர் நம்பவில்லை. நம்பாததை மரியாதையாக வெளிக்காட்ட முயன்றார். “சரிம்மா. அப்ப அடுத்த கதை என்னன்னு சொல்லுங்க. சார் ஏதோ பூம்புகார் பத்தி யோசிக்கிறதா எழுதியிருந்தாரு.”

“சொல்றேன். பூம்புகார் கடல்லேந்து ஒரு நாள் காலையில ஒரு கப்பல் மேல வருது. பழைய காலத்துக் கப்பல். மரம், பாய், எல்லாம் அப்பிடியே புதுசா இருக்கு. மீன் பிடிக்கப் போனவங்க பாத்துட்டு நிக்கிறாங்க. அதுலேந்து ஆளுங்க எறங்குறாங்க. சுங்கம் எங்க கட்டணும்னு கேக்குறாங்க. அவங்க பேசுற தமிழு பாதிதான் புரியுது. போலீஸ் வருது, கலெக்டர் வர்றாரு. கடைசியா ஒரு சின்னப் பொண்ணு எறங்குறா. அவளும் அதே பழைய துணிதான் கட்டியிருக்கா. ஆனா கையில தினசரி காலண்டர்லேந்து கிழிச்ச தாள் ஒண்ணு இருக்கு. கலெக்டர் வாங்கிப் பாக்குறாரு.” பெரியம்மா நிறுத்தினாள். “அது அடுத்த வருஷத்துத் தாள்.”

எடிட்டர் பையைத் தோளிலிருந்து இறக்கிவைத்தார். “அப்புறம்?”

“அப்புறம் அட்டை மாறட்டும்.”

“அதில்லம்மா, அந்தப் பொண்ணுக்கு அந்தத் தாளு எப்பிடி…”

“அட்டை மாறட்டும் சார்.”

அவர் ஓவியரைப் பார்த்தார். ஓவியர் வரைந்துகொண்டிருந்த அட்டையைத் திருப்பிக் காட்டினார். வண்ணம் பாதிதான் ஏறியிருந்தது. சேற்றில் ஒருத்தி இடுப்பில் கை ஊன்றி நிமிர்ந்து நின்றாள். பின்னால் கம்பெனியின் விண்கலம். தண்ணீரில் அவளுக்கு இரண்டு நிழல்கள். எடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்கும் அது பிடித்திருந்தது என்று எனக்குத் தெரிந்தது. பிடித்தது அவருக்குத் தொந்தரவாக இருந்தது என்பதும் தெரிந்தது.

“கதைய எழுதினவங்க பேரும் அட்டையில வரணும்” என்றாள் பெரியம்மா. “என் பேரு.”

“ஐயோ, அது முடியாதும்மா. இந்தப் பேருக்காக வாங்குறவங்க இருக்காங்க. பொம்பள பேரப் போட்டா குடும்ப நாவல் வரிசையில தொங்கவிட்ருவாங்க.” சற்று நேரம் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். “ஒண்ணு பண்றேன். ரெண்டுல ஒண்ணு கேளுங்க. பேர மாத்தச் சொன்னா மாத்துறேன், படம் பழசுதான் இருக்கும். இல்ல படத்த மாத்துறேன், பேரு சாரு பேருதான். ரெண்டும் மாத்தினா என் மொதலாளி என்ன மாத்திடுவாரு.”

நான் மயில்களுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டேன். பேரு, பேரு என்று மனசுக்குள் கத்தினேன். பெரியம்மா ஈரமாக இருந்த அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“படம்” என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவளோடு பேசவில்லை. பாபநாசம் தாண்டியதும் தாங்க முடியாமல், “ஒங்க பேரக் கேட்டிருக்கணும்” என்றேன்.

“பேரு எங்க ஓடிறப் போவுது” என்றாள். வேர்க்கடலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள்.

“கப்பல் கதையில மீதி என்ன?”

“யாருக்குத் தெரியும். அங்க நிக்கும்போதுதான் தோணுச்சு.”

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கப்பல் கதையைப் பெரியம்மா எழுதி முடித்தாள். தன் பெயரில் போடுவதானால் தருவதாக எடிட்டருக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் போடவில்லை. அவள் தரவும் இல்லை. அத்தோடு பெரியப்பாவின் இலக்கிய வாழ்க்கை முடிவுக்கு வந்தது. சிங்கப்பூர் சாப்பாட்டு வரிசையில் அவர் பழையபடி பின்னால் நின்றிருக்க வேண்டும். ஊருக்கு வந்தபோது, ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டாய் என்று எல்லோரும் தன்னைக் கேட்பதாகக் குறைப்பட்டுக்கொண்டார். திருவாரூரில் சில வாத்தியார்கள் சேர்ந்து நடத்திய சிறுபத்திரிகை ஒன்று கப்பல் கதையைப் பெரியம்மாவின் பெயரோடு வெளியிட்டது. கறுப்பு வெள்ளை அட்டை, இருநூறு பேர்கூடப் படித்திருக்க மாட்டார்கள். இன்றுவரை தன் பெயரில்தான் எழுதுகிறாள். இப்போது செல்போனில் ஒரு விரலால். வேறு பெயர் வைத்துக்கொண்டால் நல்லது என்று யாராவது சொன்னால் அவர்களைச் சனி கிரகத்துக்கு அனுப்பி, கடைமடையில் நிலம் ஒதுக்கிவிடுவாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது ‘இரண்டு சூரியன் நடவு’ கடைக்கு வந்த மாலையைப் பற்றி. மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டுக்கு நானும் பெரியம்மாவும் பார்க்கப் போயிருந்தோம். கடையின் முன்னால் கயிற்றில் புத்தகங்கள் வரிசையாகத் தொங்கின. வெள்ளி உடைக்காரியைப் போல இன்னும் பலர் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அவள் இடுப்பில் கை ஊன்றி நின்றாள். எடிட்டர் சொன்னது சரிதான். ஒருவரும் அதை எடுக்கவில்லை.

அப்போது நடவு முடித்து ஊருக்குத் திரும்புகிற பெண்கள் சிலர் டவுன் பஸ்ஸுக்காக அங்கே வந்து நின்றார்கள். கால்களில் சேறு காய்ந்திருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை. அவர்களில் ஒருத்தி தற்செயலாக மேலே பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள்.

“ஏய், இங்க பாருடி. இடுப்பப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா.”

எல்லோரும் திரும்பினார்கள். ஒரே சிரிப்பு. சிரித்துக்கொண்டே கிட்டே வந்தார்கள். வந்ததும் சிரிப்பு மெல்ல அடங்கியது. வயதான ஒருத்தி கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, “நடாம ஏன் நிக்கிறா இவ?” என்று கடைக்காரரைக் கேட்டாள்.

“தண்ணி விட்டாத்தான் குனிவேங்கிறாளாம்” என்றார் அவர், பின்னட்டையைப் பார்த்து.

“குனியலையா கடைசியில?”

“அது காசு குடுத்து வாங்கிப் படிச்சாத்தான் தெரியும்.”

“படிக்கத் தெரிஞ்சா நான் ஏன் இங்க நிக்கிறேன்?” என்றாள் அவள். பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர்கள் ஏறவில்லை. ஒருத்தி தன்னை அறியாமல் ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தாள். அந்த முகம் எந்த ஊர்க்காரி மாதிரி இருக்கிறது என்று பேச்சு ஆரம்பித்தது. திருக்கடையூர்ப் பக்கம் என்று ஒருத்தி சொன்னாள், இல்லை, எங்கள் நாத்தனார் ஊர் என்று இன்னொருத்தி சொன்னாள். அந்த முகத்தின் சொந்தக்காரி அவர்களுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அட்டையில் பெரிய எழுத்தில் இருந்த பெரியப்பாவின் பெயரை அவர்கள் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இதை எழுதினது இவங்கதான், அது இவங்க முகம்தான், மேலே போட்டிருக்கிற பேர் தப்பு என்று சொல்வதற்காக ஓரடி முன்னால் வைத்தேன். பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் கலங்கியிருந்தன, என்னைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

தஞ்சாவூரில் அத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து நின்றவள் இப்போது பயந்துவிட்டாள் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.